கேட்காமலே வரும் தகவல், கேட்டால்தான் வரும் தகவல்

பழைய மென்பொருள்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் ப்ராஸ்பெக்டர் என்பேன். 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் ஆய்வு நிறுவனத்தில் ரிச்சர்ட் டூடா, பீட்டர் ஹார்ட் முதலானோர் உருவாக்கியது. ஓரிடத்தின் பாறைகளைப் பற்றி ஒரு நிலவியலாளர் சொல்லச் சொல்ல, அங்கே செம்போ மாலிப்டினமோ யுரேனியமோ கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிட்டுச் சொல்லும். இன்று அதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் நிகழ்தகவுக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். என்னை ஈர்த்தது வேறு. எப்போது காது கொடுக்க வேண்டும், எப்போது வாய் திறந்து கேட்க வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

விதிகளை வைத்து முடிவெடுக்கும் அமைப்புகளில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் இது. ஃபார்வர்ட் செயினிங்கா, பேக்வர்ட் செயினிங்கா, இரண்டையும் சேர்ப்பதா? சேர்ப்பதென்றால் எதை எந்தப் பக்கம் வைப்பது? இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு தெளிவான கருத்தும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் அடிப்படை. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். விதி என்பது "இது இருந்தால் அது" என்ற வடிவம். ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம் பரவலாகப் பயோடைட்டாக மாறியிருந்தால், அந்தப் பாறையில் பொட்டாசிக் மாற்றம் நடந்திருக்கலாம். பொட்டாசிக் மாற்றம் இருந்தால், போர்ஃபிரி வகைச் செம்புப் படிவத்துக்கு வாய்ப்பு கூடுகிறது. கையில் இருக்கும் தகவலிலிருந்து கிளம்பி, எந்த விதியின் நிபந்தனை பொருந்துகிறதோ அதை இயக்கி, கிடைத்த முடிவைக் கொண்டு அடுத்த விதியை இயக்கி என்று போய்க்கொண்டே இருப்பது ஃபார்வர்ட் செயினிங். "இங்கே செம்பு இருக்குமா?" என்ற கேள்வியிலிருந்து கிளம்பி, அதற்கு முடிவு சொல்லக்கூடிய விதிகளைத் தேடி, அவற்றின் நிபந்தனைகளையே அடுத்த கேள்விகளாக்கி, விதி எதுவும் கைகொடுக்காத இடத்தில் எதிரே இருப்பவரிடம் கேட்பது பேக்வர்ட் செயினிங். விதிகள் அதேதான். நடக்கும் திசைதான் வேறு.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் ஆர்-1. பின்னாளில் எக்ஸ்கான் என்று அழைக்கப்பட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் எழுதியது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1980 முதல் அதைப் பயன்படுத்தியது. வாடிக்கையாளர் வாக்ஸ் கணினிக்கு ஆர்டர் கொடுத்தால், அதில் விட்டுப்போன கேபிள் எது, எந்த அட்டை எந்தப் பெட்டியில் போகும் என்று முழு அமைப்பையும் வகுத்துக் கொடுக்கும். இங்கே ஃபார்வர்ட் செயினிங் இயல்பாகப் பொருந்துகிறது. தேவையான தகவல் முழுவதும் ஆர்டரிலேயே வந்துவிடுகிறது. கடைசியில் வரப்போகும் வடிவத்தை முன்கூட்டி ஒரு கேள்வியாகக் கேட்கவும் முடியாது. கட்டிக்கொண்டே போனால்தான் தெரியும். அதன் அடியில் இருந்த ஓபிஎஸ்-5 மொழி, சார்ல்ஸ் ஃபோர்ஜியின் ரீட்டி அல்காரிதத்தில் ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா விதிகளையும் புதிதாகப் பொருத்திப் பார்க்காமல், மாறிய தகவலை மட்டும் ஒரு வலைப்பின்னல் வழியாக ஓடவிடும் முறை அது. இன்றைய ரூல் என்ஜின்கள் பலவும் அதன் வழிவந்தவைதான்.

ஆனால் ஃபார்வர்ட் செயினிங்குக்கு இரண்டு குறைகள் உண்டு. யாருக்கும் தேவையில்லாததையும் விடாமல் கணக்கிட்டு வைக்கும். ஒரு தகவல் இல்லையென்றால் அதைத் தேடிப் போகத் தெரியாது, பேசாமல் இருந்துவிடும்.

இரண்டாம் வகைக்கு மைசின். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கியது. இரத்தத்திலோ மூளை உறையிலோ கிருமித் தொற்று உள்ள நோயாளிக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும். சிகிச்சை தேவைப்படும் தொற்று உண்டா என்ற இலக்கிலிருந்து பின்னோக்கிப் போய், சில நூறு விதிகளுக்குள் தனக்கு வேண்டியதை மட்டும் தேடும். ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு, மருத்துவர் "ஏன்?" என்று தட்டினால், எந்த விதிக்காகக் கேட்கிறது என்று காட்டும். அந்த ஒரு வசதிக்காகவே மைசினை வணங்கலாம். 1979ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த மதிப்பீட்டில், மூளை உறைத் தொற்று நோயாளிகளுக்கு அது பரிந்துரைத்த சிகிச்சை ஸ்டான்ஃபோர்டின் தொற்றுநோய் நிபுணர்கள் பரிந்துரைத்ததற்குச் சளைத்ததாக இல்லை. ஆனாலும் மருத்துவமனைகளில் அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. காரணங்கள் பல. அதில் ஒன்று, நோயாளியின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மருத்துவர், தான் சொல்ல வந்த முக்கியமான செய்தியை அது கேட்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மைசினில் பின்னர் ஒரு சிறு வகை விதிகளைச் சேர்த்தார்கள். ஒரு தகவல் தெரிய வந்த உடனேயே, யாரும் கேட்காமலே, அவை முன்னோக்கி இயங்கும். பேக்வர்ட் செயினிங்கின் கோட்டைக்குள்ளேயே மறுதிசைக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது.

இனி ப்ராஸ்பெக்டருக்கு வருவோம்.

உரையாடலின் தொடக்கத்தில் அது எதையும் கேட்காது. நிலவியலாளர் தான் கண்டதை எளிய வாக்கியங்களாகத் தட்டச்சு செய்வார். இன்ன பாறை இருக்கிறது, இன்ன வயது, இன்ன கனிமம் தென்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் தன் உறுதியை எண்ணாகச் சொல்லலாம்: நிச்சயமாக இருக்கிறது என்றால் +5, நிச்சயமாக இல்லை என்றால் -5, தெரியாது என்றால் 0. அந்தத் தகவல் விதிகளின் வலைப்பின்னலில் மேல்நோக்கிப் பரவி, அதனிடம் இருக்கும் படிவ மாதிரிகள் ஒவ்வொன்றின் வாய்ப்பையும் ஏற்றும் அல்லது இறக்கும். போர்ஃபிரி செம்புக்கு ஒரு மாதிரி, மணற்கல் யுரேனியத்துக்கு ஒன்று, ஜப்பானின் குரோகோ வகை சல்ஃபைடு படிவத்துக்கு ஒன்று என்று தனித்தனி மாதிரிகள். இதுவரை நடந்தது ஃபார்வர்ட் செயினிங்.

நிலவியலாளர் சொல்லி முடித்ததும் திசை திரும்பும். முன்னணியில் நிற்கும் மாதிரியை எடுத்துக்கொண்டு, அதன் உச்சியிலிருந்து கீழே இறங்கி, எந்தப் பதில் தெரிந்தால் முடிவு அதிகமாக அசையுமோ அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கும். இது பேக்வர்ட் செயினிங். நடுவில் நிலவியலாளருக்கு ஏதாவது நினைவுக்கு வந்தால் குறுக்கே பேசலாம். அது மறுபடி மேல்நோக்கிப் பரவும். வரிசை மாறினால் வேறு மாதிரியைப் பிடித்துக்கொண்டு கேள்விகளைத் தொடரும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒவ்வொரு விதிக்கும் இரண்டு எண்கள். சான்று இருந்தால் முடிவு எவ்வளவு வலுப்படும் என்பது ஒன்று. சான்று இல்லாவிட்டால் எவ்வளவு வலுவிழக்கும் என்பது மற்றொன்று. சில சான்றுகள் கிடைத்தால் பெரும் பலம், கிடைக்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. வேறு சில இருந்தாக வேண்டும். இருப்பதால் மட்டும் பெரிய பயன் இல்லை. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தீர்மானிக்க இந்த இரண்டு எண்களும் வேண்டும். கூடவே, ஒரு கனிமம் இருப்பதே உறுதியாகாதபோது அதன் மணிகள் பெரியவையா சிறியவையா என்று கேட்கக் கூடாது என்ற ஒழுங்கையும் வலைப்பின்னலில் தனிக் கண்ணிகளாக எழுதி வைத்திருந்தார்கள். மனிதர்களோடு பேசும் நிரலுக்கு இந்த மரியாதை அவசியம் என்று நான் நினைக்கிறேன்.

ப்ராஸ்பெக்டர் என்றாலே வாஷிங்டன் மாநிலத்தின் டோல்மன் மலைக் கதை வந்துவிடும். கணினி ஒரு சுரங்கத்தையே கண்டுபிடித்துவிட்டது என்று பெரிதாக்கிச் சொல்வார்கள். அங்கே மாலிப்டினம் இருப்பது முன்பே தெரியும், ஆய்வுகளும் நடந்துகொண்டிருந்தன. அந்தப் பகுதியின் வரைபடத் தகவல்களை வைத்து, படிவத்தின் மறைந்துகிடந்த பகுதி எங்கே இருக்கலாம் என்று ப்ராஸ்பெக்டர் கணித்தது. பின்னர் துளையிட்டபோது அது சரியாக இருந்தது. 1982ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அங்கே கேள்வி பதில் இல்லை. தகவல் ஏற்கெனவே வரைபடத்தில் இருந்தது. வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கை ஓடவிட்டார்கள். அதே விதிகள்தான். எதிரே மனிதர் உட்கார்ந்திருந்தபோது இரண்டு திசையும் தேவைப்பட்டது. வரைபடம் மட்டும் இருந்தபோது ஒரு திசையே போதுமாக இருந்தது.

என் கருத்து இதிலிருந்துதான் வருகிறது. திசையை விதியைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. தகவலின் விலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கேட்காமலே வந்து சேரும் தகவலை முன்னோக்கி ஓடவிடுங்கள். பெறுவதற்குப் பணமோ நேரமோ ஒருவரின் பொறுமையோ செலவாகும் தகவலைப் பின்னோக்கி, தேவைப்பட்டால் மட்டும் தேடுங்கள்.

பாடப்புத்தகங்கள் வேறு கணக்குச் சொல்லும். தகவல் குறைவு, முடிவுகள் அதிகம் என்றால் முன்னோக்கி. முடிவுகள் குறைவு, தகவல் அதிகம் என்றால் பின்னோக்கி. அதில் பொய் இல்லை, ஆனால் நடைமுறையில் போதாது. ஒரே அமைப்புக்குள்ளேயே விலை குறைந்த தகவலும் விலை கூடிய தகவலும் கலந்துதான் வருகின்றன. கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வயது, சம்பளம், ஊர், வேலை எல்லாம் படிவத்தில் வந்துவிடும். கடன் மதிப்பெண்ணுக்கோ ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. அந்த விசாரணை விண்ணப்பதாரரின் கடன் அறிக்கையிலும் பதிவாகும். தேவையில்லாமல் கேட்பது அவருக்கே பாதகம். படிவத்தில் உள்ளதை வைத்து முன்னோக்கிப் போய், வயதின் காரணமாகவே தகுதியில்லை என்றாகிவிட்டால் மதிப்பெண்ணைத் தொடவே கூடாது. எஞ்சியவர்களுக்கு மட்டும் பின்னோக்கித் தேட வேண்டும்.

விலை என்ற இந்தக் கோணத்தை மிக அழகாகக் கையாண்டது இன்டர்னிஸ்ட் என்ற மருத்துவ நிரல். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜாக் மையர்ஸும் ஹாரி போப்பிளும் உருவாக்கியது. கறாராகப் பார்த்தால் அது விதி அமைப்பு இல்லை. ஆனால் சிந்தனை ஓட்டம் அதேதான். மருத்துவர் தான் கண்ட அறிகுறிகளை முதலில் கொட்டிவிடுவார். அவை சாத்தியமான நோய்களை எழுப்பும். போட்டியில் ஐந்தோ அதற்கு மேலோ நோய்கள் இருந்தால், சிலவற்றை நீக்கிவிடக்கூடிய கேள்விகள். இரண்டு முதல் நான்கு என்றால், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் கேள்விகள். ஒன்றே ஒன்று என்றால், அதை உறுதிசெய்யும் கேள்விகள். நோயாளியிடம் வாயால் கேட்டே தெரிந்துகொள்ளக் கூடியவை முதலில் வரும். உடலைத் துளைத்து எடுக்க வேண்டிய சோதனைகளுக்குப் பிறகுதான் இடம். நல்ல மருத்துவர் எவரும் இப்படித்தானே செய்வார்? ஆர்தர் எல்ஸ்டைனும் உடன் ஆய்வாளர்களும் 1978ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் பதிவு செய்தார்கள்: நோயாளி பேசத் தொடங்கிய சற்று நேரத்துக்குள்ளேயே மருத்துவர்கள் மனதில் சில ஊகங்களை அமைத்துக்கொள்கிறார்கள், அதன் பிறகு கேட்பதெல்லாம் அந்த ஊகங்களைச் சோதிக்கத்தான்.

சரி, இதை ஒரு என்ஜினுக்குள் எப்படிக் கட்டுவது? எனக்கு மிகவும் பிடித்த விடை ஜெஸ் என்ற ரூல் என்ஜினில் இருக்கிறது. 1995ல் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் எர்னஸ்ட் ஃப்ரீட்மன்-ஹில் எழுதத் தொடங்கியது. அடியில் ஓடுவது ஃபார்வர்ட் செயினிங், ரீட்டி, அவ்வளவுதான். ஆனால் ஒரு வகைத் தகவலை "இதைத் தேடிப் போகலாம்" என்று நீங்கள் அறிவித்துவிட்டால், ஏதாவது ஒரு விதி பாதி பொருந்தி அந்தத் தகவலுக்காகக் காத்து நிற்கும்போது, ஜெஸ் தானாகவே ஒரு புதிய தகவலை உருவாக்கும். அதன் பெயரில் "நீட்" என்ற முன்னொட்டு இருக்கும். மதிப்பெண் வேண்டும் என்றால் "நீட்-மதிப்பெண்". அந்தத் தேவைத் தகவலைப் பார்த்து இயங்கும் இன்னொரு விதியை நீங்கள் எழுதுவீர்கள். அது வெளியே போய்க் கேட்டு, மதிப்பெண்ணைக் கொண்டுவந்து போடும். காத்திருந்த விதி தொடரும்.

இதில் உள்ள கருத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். "இது எனக்குத் தேவை" என்பதும் ஒரு தகவல்தான். இலக்கையே தகவலாக்கிவிட்டால், பின்னோக்கிப் போவதும் முன்னோக்கிப் போவதன் ஒரு வகையாகிவிடுகிறது. நடைமுறையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். விதியின் நிபந்தனைகள் எழுதிய வரிசையில் பொருந்துவதால், இலவசத் தகவல்களை முன்னாலும் விலையுள்ளதைக் கடைசியிலும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் தேவை முன்னதாகவே கிளம்பிவிடும், காசு போய்விடும்.

தரவுத்தள ஆராய்ச்சியில் இதே கருத்தைத் தனியாகக் கண்டடைந்தார்கள். 1986ல் பான்சியோன், மெய்யர், சகிவ், உல்மன் நால்வரும் வெளியிட்ட மேஜிக் செட்ஸ் முறை. ஒரு ஊர் மக்கள் அனைவரின் பெற்றோர் பட்டியல் இருக்கிறது. ஒரே ஒருவரின் முன்னோர் யார் யார் என்று தெரிய வேண்டும். முன்னோக்கிப் போனால் ஊரில் எல்லோருக்கும் எல்லா முன்னோரையும் கணக்கிட்டுவிட்டுத்தான் உங்கள் கேள்விக்கு வரும். ப்ரோலாக் மொழி போலப் பின்னோக்கிப் போனால், விதியை எழுதிய விதத்தைப் பொறுத்து முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொள்ளலாம். மேஜிக் செட்ஸ் என்ன செய்கிறது? "யாரைப் பற்றிய கேள்வி எழுந்திருக்கிறது" என்று ஒரு தனிப் பட்டியல் வைக்கிறது. முதலில் அந்த ஒருவர். அவருடைய பெற்றோரைப் பற்றியும் கேள்வி எழுவதால் அவர்களும் அதில் சேர்கிறார்கள். பிறகு அவர்களின் பெற்றோர். மூல விதிகள் இந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் இயங்கும். கணக்கு முழுவதும் முன்னோக்கி நடக்கிறது. ஆனால் எங்கே நடக்க வேண்டும் என்பதைக் கேள்வி தீர்மானிக்கிறது. புதிதாகச் சேர ஒன்றும் இல்லாதபோது தானே நின்றுவிடும்.

அப்பாச்சி ஜெனா என்ற மென்பொருளின் கலப்பு முறை வேறொரு பாதையில் போகிறது. அங்கே ஒரு முன்னோக்கு விதி, புதிய பின்னோக்கு விதியையே பிறப்பிக்கும். "தாய்" என்ற உறவு "பெற்றோர்" என்ற உறவின் உட்பிரிவு என்று தரவுத் திட்டத்தில் ஒரு வரி இருந்தால், முன்னோக்கு விதி அதைப் பார்த்து, "யாராவது பெற்றோரைக் கேட்டால் தாய்களையும் பார்" என்ற பின்னோக்கு விதியை உருவாக்கி வைக்கும். தாய் உறவு பத்து லட்சம் இருந்தாலும் அத்தனையையும் பெற்றோர் என்று நகலெடுக்க வேண்டியதில்லை. திட்டம் சிறியது, அடிக்கடி மாறாது, அதனால் ஒருமுறை முன்னோக்கி ஓடவிடலாம். தரவு பெரியது, அதனால் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இங்கேயும் விலைதான் திசையைத் தீர்மானிக்கிறது. ஆனால் இது பெறும் விலை இல்லை, சேமித்து வைக்கும் விலை. ட்ரூல்ஸ் என்ற ரூல் என்ஜினும் 2011 வாக்கில் இருந்து விதிகளுக்குள் வினவல்களை எழுதவிட்டு, ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்தது.

இப்படிச் சேர்க்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களில் மிக ஆபத்தானது "இல்லை" என்ற நிபந்தனை. முன்னோக்கு என்ஜினில் "மோசடி எச்சரிக்கை இல்லையென்றால் கடனை அனுமதி" என்று எழுதினால், அந்த எச்சரிக்கை தகவல் கிடங்கில் இல்லாத கணத்திலேயே விதி பொருந்திவிடும். மோசடி உண்டா என்று கேட்க வேண்டிய பின்னோக்குத் தேடல் இன்னும் கிளம்பியே இருக்காது. கேட்டு இல்லை என்று தெரிந்ததற்கும், இன்னும் கேட்கவே இல்லை என்பதற்கும் என்ஜினுக்கு வித்தியாசம் தெரியாது. முன்னுரிமை எண்களை ஏற்றி இறக்கி இதைச் சமாளிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. விதிகள் பெருகியதும் அது உடைந்துவிடும். விலை கொடுத்துப் பெறும் ஒவ்வொரு தகவலுக்கும் உண்டு, இல்லை, கேட்டும் தெரியவில்லை என்ற மூன்று பதில்களையும் வெளிப்படையான தகவல்களாகவே வைத்து, அனுமதிக்கும் விதியை "கேட்டோம், இல்லை" என்பதன்மேல் எழுதுவதுதான் என் பழக்கம்.

விளக்கம் சொல்வதும் கடினமாகிறது. மைசினில் "ஏன் கேட்கிறாய்?" என்றால் மேலே உள்ள இலக்கைக் காட்டினால் போதும். கலப்பு அமைப்பில் பதிலுக்கு இரண்டு பாதி உண்டு. இந்த இலக்கை ஏன் கையில் எடுத்தாய் என்பதற்கு முன்னோக்கி வந்த சான்றுகளைக் காட்ட வேண்டும். அந்த இலக்குக்கு இந்தக் கேள்வி எதற்கு என்பதற்குப் பின்னோக்கிய பாதையைக் காட்ட வேண்டும். ஒரு பாதியை மட்டும் காட்டும் அமைப்பை மருத்துவரும் நம்ப மாட்டார், வங்கி அதிகாரியும் நம்ப மாட்டார்.

இதையெல்லாம் கையால் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கிளிப்ஸைச் சிபாரிசு செய்வேன். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985ல் தொடங்கியது, இலவசம். அடிப்படையில் அது ஃபார்வர்ட் செயினிங் என்ஜின், அதனாலேயே கற்றுக்கொள்ள நல்ல இடம். ஜெஸ் தானாகச் செய்வதை நீங்களே எழுதலாம். தேவை என்ற வகைத் தகவலுக்கு ஒரு வடிவம். விதி எங்கே தடைப்படுகிறதோ அங்கே தேவையைப் பதிவு செய்யும் விதி. தேவையைப் பார்த்துப் போய்க் கேட்டு வரும் விதி. பதில் வந்த பிறகோ, தேவை எழுந்த காரணமே மறைந்த பிறகோ தேவையை அழிக்கும் விதி. பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி விதியைத்தான். விண்ணப்பதாரரின் வயதைத் திருத்தியதும் அவர் தகுதியில்லாதவராகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தேவை அழியாமல் கிடந்தால், யாருக்கும் வேண்டாத மதிப்பெண்ணைத் தேடி, கட்டணம் கட்டி, அவர் அறிக்கையிலும் ஒரு பதிவை ஏற்றிவிட்டு வரும். கிளிப்ஸில் "லாஜிக்கல்" என்ற சொல்லுக்குள் நிபந்தனையை வைத்துத் தேவையைப் பதிவு செய்தால், நிபந்தனை பொய்யானதும் தேவையும் தானாக மறையும். அந்தச் சொல்லைச் சேர்த்து ஒருமுறையும் சேர்க்காமல் ஒருமுறையும் ஓட்டி, நடுவில் வயதை மாற்றி, தகவல் கிடங்கில் என்ன மிச்சமிருக்கிறது என்று பட்டியலிட்டுப் பாருங்கள்.